செத்தான், இறந்தார், உயிர் நீத்தார்: இருப்புப்பாதை மரணங்களும் ஊர் வாக்கும்

ஒருவர் உலகை விட்டு நீங்கியதைச் சொல்லத் தமிழில் உள்ள சொற்கள் பல. செத்தான், இறந்தார், மாண்டார், காலமானார், இயற்கை எய்தினார், பலியானார், உயிர் நீத்தார் என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாம் ஒரே நிகழ்ச்சியைக் குறிப்பனவே. ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்துவதில்லை. நிறைந்த வயதில் உறக்கத்திலே போய்விட்ட முதியவரைப் ‘பலியானார்’ என்று எவரும் சொல்லார். களவுக்குப் போன இடத்தில் விழுந்து மடிந்தவனைக் ‘காலமானார்’ என்று எவரும் எழுதார். இறப்பைக் கூறும் சொல், இறந்தவரைப் பற்றிய தீர்ப்பையும் தன்னுள் சுமந்து வருகிறது.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். மங்கலத்துக்கு வகுப்பறைதோறும் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு, செத்தாரைத் துஞ்சினார் என்பதாகும். துன்பத்தைச் சொல்ல நேரும்போது கேட்பவர் நெஞ்சம் புண்படாதவாறு சொல்ல வேண்டும் என்னும் பண்பாடு அதிலே விளங்குகிறது. அந்த மென்மை எல்லார்க்கும் உரியதா, நல்லவர்க்கு மட்டும் உரியதா என்பதே ஆராயத் தக்க வினா. இதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு இருப்புப்பாதையைவிடத் தக்க இடம் வேறொன்று இல்லை எனலாம்.

தடை செய்யப்பட்ட பாதைக்குள் புகுந்து, கம்பியை வெட்டவோ, வண்டியின்மேல் வண்ணம் பூசவோ, வேலியைப் பெயர்க்கவோ முயன்ற ஒருவர் அங்கேயே உயிரிழந்தார் என்று செய்தி வருகிறது. ஊர் என்ன சொல்லுகிறது? “யார் போகச் சொன்னது?”, “வினை விதைத்தவன் வினை அறுத்தான்”, “வேண்டும் அவனுக்கு.” இந்த வாக்கில் நியாயம் சிறிதும் இல்லையா? உண்டு. அது போதிய நியாயமா என்பதே கேள்வி.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பாதைகள்

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த இருப்புப்பாதை 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அன்று தொட்டு இந்நாட்டு ரயில்வேயின் வரலாறு தமிழர் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. காடு திருத்திச் சரளைக்கல் பரப்பித் தண்டவாளம் பதித்தவர்களிலும், செந்தூல் பட்டறையில் இயந்திரம் பழுது பார்த்தவர்களிலும், நிலையங்களில் கணக்கெழுதிய கிராணிமார்களிலும் தமிழர் பலர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் ரயில்வேக் குடியிருப்புகளைச் சுற்றியே வளர்ந்தது. அங்கிருந்த வண்டி பிரிக்கும் களம் இருந்த இடத்திலேதான் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. ஆகவே ரயில்வேச் சொத்து என்பது இவ்வட்டாரத் தமிழர்க்கு எங்கோ இருக்கும் அரசாங்கப் பொருளன்று. பாட்டன் சுமந்த சிலிப்பர்க் கட்டையும் தந்தை ஏற்றிய விளக்கும் அதில் அடங்கும்.

இன்று அப்பாதைகளில் ஓடுவன மின்வண்டிகள். 1995-இல் தொடங்கிய கே.டி.எம். கொமுட்டர் சேவை, தலைக்குமேல் செல்லும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து ஆற்றல் பெறுகிறது. சிரம்பான் நோக்கிச் செல்லும் பாதை ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த செர்டாங் நிலையத்தின் வழியே போகிறது. அண்மைய ஆண்டுகளில் பாதையோரத்துச் செம்புக் கம்பிகள் வெட்டப்பட்டுக் களவு போவதும், அதனால் வண்டிகள் நின்றுபோவதும் அடிக்கடி செய்தியாகி வருகின்றன. சைகை விளக்குகளுக்குரிய கம்பி அறுந்தால், பாதுகாப்பை முன்னிட்டு விளக்கு சிவப்பாகவே நிற்குமாறு அமைத்திருக்கிறார்கள். அதனால் பெரும்பாலும் மோதல் நேர்வதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைக்குப் பிந்துகின்றனர். மாணவர் தேர்வுக்குப் பிந்துகின்றனர். மருத்துவமனைக்குச் செல்வோர் நடைமேடையில் காத்துக் கிடக்கின்றனர். மின்னோட்டத்தை நிலத்துக்குள் இறக்கும் கம்பி திருடு போனால், பாதையில் வேலை செய்வோர் உயிருக்கே தீங்கு நேரலாம். இவற்றைப் பட்டறிந்தவர் சினம் கொள்வதில் வியப்பில்லை. அச்சினம் நியாயமானதே. களவைக் களவு என்றும் கேட்டைக் கேடு என்றும் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சினம் எதுவரை செல்லலாம் என்பது அடுத்த வினா. இந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு களவுக்கு விதிக்கும் சிறைத்தண்டனை, மிகுந்தால் ஏழு ஆண்டு. எந்த நீதிபதியும் கம்பித் திருடனுக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. அங்ஙனமிருக்க, மின்சாரம் அத்தண்டனையை விதித்ததும் ‘சரியான தீர்ப்பு’ என்று ஊர் தலையசைப்பது எவ்வாறு பொருந்தும்? சட்டம் தர மறுக்கும் தண்டனையை விபத்து தந்தால், அது விபத்தாகவே இருக்கும், ஒருநாளும் நீதியாகாது.

இலண்டனில் எழுந்த இரு குரல்கள்

இம்மனநிலை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2018-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் காலையில், இலண்டன் மாநகரின் தென்பகுதியில் லஃபரோ ஜங்ஷன் நிலையத்தருகே இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்களின் உடல்கள் தண்டவாளத்தில் கண்டெடுக்கப்பட்டன. இரவில் சென்ற வண்டி மோதி அவர்கள் இறந்திருந்தனர். அருகே வண்ணம் பீச்சும் குப்பிகள் கிடந்தன. சுவர்களிலும் வண்டிகளிலும் தம் புனைபெயரை எழுதிச் செல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

உடனே இரு குரல்கள் எழுந்தன. “சொத்தைப் பாழாக்கப் போனவர்களுக்கு இரக்கம் எதற்கு?” என்றது ஒன்று. பொதுவாழ்வில் பொறுப்பு வகித்த ஒருவர் இறந்தவர்களை இழித்துரைத்துக் கண்டனத்துக்கு ஆளானார். மற்றொரு சாரார் மலர் வைத்தனர். அவர்கள் பெயரைச் சுவர்களிலே வண்ணத்தால் எழுதி அஞ்சலி செலுத்தினர். எந்தச் செயலில் ஈடுபட்டு இறந்தார்களோ அச்செயலையே அஞ்சலியாக்கியது கண்டு முதற்சாரார் மேலும் வெகுண்டனர்.

இரு சாராரும் ஒரே பிழையைத்தான் செய்தனர். செயலையும் சாவையும் ஒரே துலாத்தட்டில் இட்டனர். செயல் தீயது, ஆகவே சாவு தக்கது என்றார் ஒருவர். சாவு கொடியது, ஆகவே செயல் போற்றத்தக்கது என்றார் மற்றவர். இடையில் இருந்த பெற்றோரையும், விடியுமுன் உடல்களை எடுக்கச் சென்ற ஊழியரையும் நினைத்தவர் சிலரே.

நடுகல்லும் கல்லக்குடியும்

தமிழ் மரபு இதனை எவ்வாறு நோக்கியது? பிறர் ஆநிரையைக் கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை பிரித்துரைக்கிறது. கவரச் சென்று பட்டவனுக்கும் கல் நட்டனர். மீட்கச் சென்று பட்டவனுக்கும் கல் நட்டனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த நடுகற்களில் ஒன்று, கூடல் என்னும் ஊரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த ஒருவனுக்காக எடுத்தது. தமிழியில் எழுதிய அக்கல் மிகத் தொன்மையானது. மாடு இழந்த ஊருக்கு அவன் போன்றவன் கள்வன். கல் நட்ட ஊருக்கு அவன் வீரன். எந்த ஊர் பேசுகிறது என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதையிலேயே இதற்குச் சான்று உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த கல்லக்குடியில் சிமெண்டு ஆலை நிறுவிய வடநாட்டுத் தொழிலதிபரின் பெயரால் அங்குள்ள நிலையம் டால்மியாபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. அதனை மாற்றக் கோரி 1953-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் தி.மு.கழகத்தார் போராடினர். மு. கருணாநிதி முன்னின்றார். பெயர்ப்பலகையின்மேல் கல்லக்குடி என்று எழுதிய தாள் ஒட்டப்பட்டது. தொண்டர்கள் தண்டவாளத்தில் படுத்து வண்டியை மறித்தனர். அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ரயில்வே நிருவாகத்தின் கண்ணில் அப்போராட்டம் அத்துமீறல். கழகத்தாருக்கோ மாண்டவர் தியாகிகள். அந்நிலையம் பின்னாளில் கல்லக்குடியின் பெயரையே பெற்றது.

கொள்கைக்காகப் படுத்தவரையும் செம்புக்காக வெட்டியவரையும் ஒன்றாக்கிப் பேசுவது அறியாமை. நோக்கம் வேறு, மதிப்பும் வேறாகத்தான் இருக்கும். இங்குக் கருதத்தக்கது ஒன்றே. ‘உயிர் நீத்தார்’ என்ற சொல்லை ஊர் சிலருக்கு வழங்குகிறது, சிலருக்கு மறுக்கிறது. அவ்வாறு வழங்கும்போது அது எடைபோடுவது செயலைத்தான். உயிர் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டதற்கு இரங்காதார் இல்லை. அவன் குற்றமற்றவன். குற்றமற்றவனுக்கு இரங்குவது எளிது. உண்மையிலேயே சிலம்பைத் திருடிய ஒருவன் உசாவலின்றி வெட்டுண்டிருந்தால் எத்தனை பேர் இரங்குவர்? இரக்கத்தின் ஆழத்தை அளக்கும் கோல் இந்த வினாவே.

‘செத்தான்’ என்றதும் முடிந்துபோகும் ஆராய்ச்சி

இரக்கம் காட்டினால் குற்றம் பெருகும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. எனினும் இகழ்ச்சியால் விளையும் தீங்கு அதனினும் பெரிது. ‘வேண்டும் அவனுக்கு’ என்று சொல்லி முடித்தவர், அவன் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்பதில்லை. வேலி எங்கே உடைந்திருந்தது, எத்தனை நாளாக உடைந்திருந்தது, எச்சரிக்கைப் பலகை இருந்ததா, அது படிக்கத்தக்க மொழியில் இருந்ததா என்ற வினாக்கள் எழாமலே போகின்றன. கள்வன் நுழைந்த ஓட்டை வழியேதான் நாளை குறுக்குவழி தேடும் பள்ளிப் பிள்ளையும் நுழையும்.

இதற்கு இங்கிலாந்துச் சட்ட வரலாறே சான்று. அத்துமீறி நுழைந்தவனுக்கு வேண்டுமென்றே தீங்கு செய்யாதிருந்தால் போதும், வேறு கடமை இல்லை என்று பிரபுக்கள் சபை 1929-இல் தீர்த்தது. அவ்வழக்கில் இறந்தது ஒரு சிறுவன். சுரங்க நிறுவனத்தின் பொறியில் அகப்பட்டு மாண்டவன். 1965-இல் இலண்டனை அடுத்த ஓரிடத்தில், சிதைந்துகிடந்த வேலியைத் தாண்டிய ஆறு வயதுச் சிறுவன் மின்தண்டவாளத்தில் பட்டுக் கொடிய தீப்புண் அடைந்தான். பிள்ளைகள் பாதைக்குள் வருவதாகச் சில வாரங்களுக்கு முன்பே நிலைய அதிகாரிக்குத் தகவல் சென்றிருந்தும் வேலி செப்பனிடப்படவில்லை. 1972-இல் பிரபுக்கள் சபை தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. அத்துமீறியவனிடத்தும் பொதுவான மனிதத்தன்மையோடு நடந்துகொள்ளும் கடமை உண்டு எனக் கூறி ரயில்வே நிருவாகத்தைப் பொறுப்பாக்கியது. சட்டம் அவ்வளவு தொலைவு வருவதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஊர் வாக்கு இன்னும் 1929-லேயே நிற்கிறது.

வகுப்பறையின் கடமை

இறந்தவர்களிற் பலர் இளைஞர். இருப்புப்பாதையின் இயல்பை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? வீட்டு மின்சாரத்தைவிட நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமுள்ள மேற்கம்பியைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாய்ந்து கொல்லும். நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின்மேல் ஏறுவதும் இதனாலேயே உயிருக்கு உலை வைப்பதாகும். கிளானா ஜெயா போன்ற இலகு ரயில் பாதைகளில் மின்சாரம் தரையை ஒட்டிய மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட்டில் ஓடுகிறது. பார்வைக்கு அது வெறும் இரும்பு. மின்வண்டி பழைய நீராவி வண்டிபோல் இரைந்து வருவதில்லை. இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் வழுக்கும் ஆதலால், ஓட்டுநர் தடையை அழுத்திய பின்னும் வண்டி பலநூறு மீட்டர் ஓடியே நிற்கும். அந்தச் சில நொடிகளில் ஒன்றும் செய்ய இயலாது பார்த்திருக்கும் ஓட்டுநரும் ஒரு குடும்பத்தின் தலைவரே. அக்காட்சி அவரை நெடுநாள் வருத்தும்.

இவற்றை அறிவியல் பாடத்தில் சொல்லலாம். தமிழாசிரியர் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. இத்தகைய செய்தியொன்றைத் தந்து மாணவரை மூன்று தனி வாக்கியங்களாக எழுதச் சொல்லலாம். அவர் செய்தது என்ன என்பது முதல் வாக்கியம். அவருக்கு நேர்ந்தது என்ன என்பது இரண்டாவது. மீண்டும் நேராதிருக்கச் செய்ய வேண்டியது என்ன என்பது மூன்றாவது. முதல் வாக்கியத்தில் குற்றத்தை மழுப்பாமல் எழுதட்டும். இரண்டாவதில் ‘இறந்தார்’ என்ற பொதுச் சொல்லைத் தயங்காமல் எழுதட்டும். அச்சொல் புகழ்ச்சியுமன்று, இகழ்ச்சியுமன்று. மனிதனாய்ப் பிறந்த எவர்க்கும் உரியது. மூன்றாவதை எழுத முற்படும் மாணவன், உடைந்த வேலியைத் தேடத் தொடங்குவான்.

‘வினை விதைத்தவன்’ என்று தொடங்கும் பழமொழியைக் கற்பிக்கும்போது, அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளச் சொன்னது என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். பிறர் பிணத்தருகே நின்று சொல்வதற்காக முன்னோர் அதனை விட்டுச் செல்லவில்லை.