நீர்க்குழாயும் நெஞ்சின் பாரமும்

உடம்புக்குக் காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாரிடம் தயங்காது சொல்கிறோம். உள்ளம் சோர்ந்தாலோ, நரம்புத் தளர்ச்சி என்றும் கண்ணேறு என்றும் பெயர் மாற்றி மறைக்கிறோம். வீட்டில் மணமாகாத பெண் இருப்பின் அம்மறைப்பு இன்னும் இறுகிவிடுகிறது. இவ்வாறு மறைந்து கிடக்கும் துயரைக் குடியிருப்பு மக்களின் துணைகொண்டே கேட்டறிந்த ஆய்வொன்று நம் பம்பாயில் நடைபெற்றது. நம்மவர் யாவரும் அறியத்தக்க செய்தி அது.

துறைமுகப் பாதை இரயிலில் நாள்தோறும் செல்வோர் ரே ரோடு நிலையத்தை அறிவர். அதற்கு அண்மையில், கடலோரத்துத் துறைமுகக் கழக நிலத்தில் எழுந்த குடியிருப்பு கௌலா பந்தர். அங்கு முன்னாளில் குடியேறியவர்களுள் தமிழரும் உண்டு. மத்திய அரசைச் சார்ந்த நிலமாதலின் மாநகராட்சியின் குடிசைப் பட்டியலில் அதற்கு இடம் கிட்டவில்லை. ஆகவே முறையான குழாய்நீரும் கிட்டவில்லை. மக்கள் தனியாரிடம் பன்மடங்கு விலை கொடுத்தே நீர் வாங்கினர்.

பேரறிஞர் அர்ஜுன் அப்பாதுரை தோற்றுவித்த 'புகார்' என்னும் ஆய்வு நிறுவனம் இங்கே பணியாற்றியது. குடிசைப் பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, 'வெறுங்கால் ஆய்வாளர்' என்ற பெயருடன் வீடு வீடாக அனுப்பியது. கவலையால் உறக்கம் கெட்டதா, அன்றாட வேலையில் மகிழ்ச்சி உண்டா என்பன போன்ற பன்னிரண்டு வினாக்கள் 521 பேரிடம் கேட்கப்பெற்றன. முடிவுகள் 2014-ஆம் ஆண்டு வெளிவந்தன. நூற்றுக்கு 23 பேர் மனநோய்க்கு ஆளாகும் நிலையில் இருந்தனர். ஏறத்தாழ நால்வருள் ஒருவர்!

வறுமைதானே காரணம் எனலாம். வருவாயைக் கணக்கில் கொண்ட பின்னரும், நீர், கழிப்பிடம், எலித்தொல்லை, வீடு இடிபடும் அச்சம் ஆகிய இடர்கள் மிக மிக உள்ளத்தின் வேதனையும் மிகுந்ததாக அவ்வாய்வு கண்டது. அங்ஙனமாயின் மருந்துச் சீட்டு மட்டும் போதுமா? நீர்க்குழாயும் ஒரு மருந்தன்றோ! சட்டப்படி அமையாத குடிசைகளில் வாழ்வோர்க்கும் குடிநீர் வழங்க வேண்டுமெனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் ஆணையிட்டது ஈண்டு நினையத்தக்கது.

தாராவியில் வாழ்வோர்க்கு இச்செய்தி மிக நெருங்கியது. மறுசீரமைப்புக்காக 2024-இல் அங்கு வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 2000 சனவரி முதல் நாளுக்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்கே தாராவிக்குள் விலையில்லா வீடு என்பது விதி. மாடியில் வாடகைக்கு இருப்போரும் பின்னர் வந்தோரும் எங்குச் செல்வது என்று ஏங்குவது இயல்பே. அவ்வேக்கத்தைக் கோழைத்தனம் என்று நகையாடுதல் தகாது.

நாம் செய்யத்தக்கவை சில உள. உறக்கமின்றி வாடுவோரை அணுகி, அறிவுரை கூறாது முதலில் கேட்க வேண்டும். துயர் நீடிக்குமாயின் சயான் மாநகராட்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்படின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அவரைத் தனியே விடவும் ஆகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதியுடன் வாழும் நம்மவர், தாராவித் தமிழரின் வீட்டுச் சான்றுகளைத் திரட்டவும் மனு எழுதவும் துணை நிற்பார்களாக. ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் ஒரு நெஞ்சின் பாரத்தை இறக்குவதே ஆகும்.