முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரம்: பயன்பாடும் பராமரிப்பும்

முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரம் என்பது, முன்புறத்தில் வட்டமான கண்ணாடிக் கதவைக் கொண்டு, படுக்கைவசமாகச் சுழலும் டிரம்முக்குள் துணிகளைத் துவைக்கும் மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ‘ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின்’ எனப்படுகிறது. மேல்பக்கம் திறக்கும் இயந்திரத்தைவிட இது குறைந்த தண்ணீரில் துவைக்கும். துணி நைந்துபோவதும் குறைவு. ஆனால் விலை கூடுதல். பழுதானால் செலவும் கூடுதல்.

இவ்வியந்திரத்தில் தோன்றும் பழுதுகள் பலவும் துவைப்பதால் வருபவை அல்ல. துவைத்து முடிந்த பிறகு உள்ளே தங்கிவிடும் நான்கு பொருள்களால் வருபவை. அவை ஈரம், சலவைத்தூள், தண்ணீரின் உப்பு, துணியிலிருந்து உதிரும் பஞ்சு. பராமரிப்பு என்பது பெரும்பாலும் இந்த நான்கையும் உள்ளே தங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே.

அமைப்பு

இயந்திரத்தின் உள்ளே ஒன்றினுள் ஒன்றாக இரண்டு கலன்கள் உள்ளன. வெளியே இருப்பது தண்ணீரைத் தாங்கும் தொட்டி. உள்ளே இருப்பது துளைகள் கொண்ட துருப்பிடிக்காத எஃகு டிரம். துணி இதற்குள் கிடக்கும். டிரம்மின் பின்புறத்தில் மூன்று கைகளைக் கொண்ட தாங்கி ஒன்று உள்ளது. இது பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. இதன் நடுத்தண்டு பேரிங்குகளின் வழியாகப் பின்னால் சென்று, மோட்டாரின் விசையைப் பெறுகிறது. தொட்டியின் அடியில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரும், அதற்குக் கீழே கழிவுநீரை வெளியேற்றும் பம்பும், பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டியும் இருக்கின்றன. கதவுக்கும் தொட்டிக்கும் இடையே மடிப்பு மடிப்பான ரப்பர் வளையம் நீர்க்கசிவைத் தடுக்கிறது.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வீட்டுத் தானியங்கிச் சலவை இயந்திரம் இவ்வகையைச் சேர்ந்ததே. அதிர்வு மிகுதியால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. இன்றைய இயந்திரங்களில் தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கீழே அதிர்வுதாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. தொட்டியோடு கனமான கான்கிரீட் பாளங்களும் பொருத்தப்பட்டுள்ளன. இயந்திரம் இரண்டு பேர் சேர்ந்து தூக்குமளவுக்குக் கனப்பதற்கு இந்தப் பாளங்களும் ஒரு காரணம்.

துவைக்கும் விதம்

டிரம்மின் விட்டம் அரை மீட்டர் என்று கொள்வோம். அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 60 சுற்று சுழன்றால், அதன் சுவரில் உண்டாகும் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்திற்குச் சமமாகிவிடும். துவைக்கும்போது டிரம் இதைவிட மெதுவாகவே சுழல்கிறது. ஆகவே துணி சுவரோடு சேர்ந்து மேலே ஏறி, உச்சியை அடையும் முன்பே கீழே உள்ள தண்ணீரில் விழுகிறது. இவ்வாறு திரும்பத் திரும்ப விழும் அடியில்தான் அழுக்கு வெளியேறுகிறது. கல்லில் துணியை அடித்துத் துவைக்கும் அதே வேலையை இயந்திரம் மெதுவாகச் செய்கிறது.

துணியைப் பிழியும்போது வேகம் 1200 சுற்றாக உயர்கிறது. இது 60இன் 20 மடங்கு. முடுக்கம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது புவியீர்ப்பின் ஏறக்குறைய 400 மடங்காகிறது. துணி டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கொள்ள, நீர் துளைகள் வழியே வெளியேறுகிறது.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. துணி விழுவதற்கு இடம் வேண்டும் என்பது ஒன்று. டிரம்மை அடைத்துத் துணி திணித்தால் அது சுழலுமே தவிர விழாது; அழுக்கும் போகாது. நுரை குறைவாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நுரை மெத்தைபோல் நின்று, விழும் துணியைத் தாங்கிவிடும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

தொழிற்சாலையிலிருந்து வரும்போது தொட்டி ஆடாமலிருக்க, இயந்திரத்தின் பின்புறத்தில் நீண்ட போல்ட்டுகளைப் போட்டிருப்பார்கள். இயக்குவதற்கு முன் அவற்றைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கழற்றியவற்றைப் பத்திரமாக வைத்திருந்தால் வீடு மாற்றும்போது மீண்டும் உதவும்.

நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிய வேண்டும். மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ஆட்டம் இருந்தால் காலின் திருகைச் சரிசெய்து, அதன் நட்டை இறுக்க வேண்டும்.

ஹீட்டர் பொதுவாக 2000 வாட் அளவில் இருக்கும். 230 வோல்ட்டில் இது 8 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் எடுக்கும். எனவே எர்த் இணைப்புள்ள பவர் பிளக்கில் மட்டுமே இணைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

மொட்டைமாடித் தொட்டி உள்ள வீடுகளில் நீரழுத்தத்தையும் கணக்கிட வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட ஒவ்வொரு மீட்டர் உயர்ந்திருக்கும்போதும் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். பல மாதிரிகள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன. அதாவது 3 மீட்டர் உயரம் வேண்டும். மேல்தளத்து வீடுகளில் இந்த உயரம் கிடைக்காமல், தண்ணீர் வரவில்லை என்று இயந்திரம் அடிக்கடி நின்றுபோவதுண்டு. அது இயந்திரத்தின் பழுது அன்று.

கழிவுநீர்க் குழாயின் முனை கையேட்டில் சொன்ன உயரத்தில் இருக்க வேண்டும். அதைத் தரையோடு கிடத்தினால், உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீரும் சலவைத்தூளும்

தமிழ்நாட்டில் பல வீடுகளில் துவைப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரே பயன்படுகிறது. அதில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்திருந்தால் அது கடின நீர் எனப்படும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு பாட்டிலில் பாதியளவு போர் தண்ணீரும், மற்றொன்றில் அதே அளவு மழைநீரும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் குளியல் சோப்பைச் சிறிது சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். மழைநீரில் நுரை பொங்கும். போர் தண்ணீரில் நுரை எழாமல் வெள்ளைத் திரிதிரியாக மிதந்தால் அது கடின நீர்.

கடின நீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள பைகார்பனேட்டுகள் சிதைந்து, கால்சியம் கார்பனேட் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் வெள்ளைப் படலம் இதுதான். ஹீட்டரின் மீது இது படிந்தால் வெப்பம் நீருக்குச் செல்வது தடைப்பட்டு, நாளடைவில் ஹீட்டர் பழுதாகலாம். ஆகவே கடின நீர் உள்ள வீடுகளில் அன்றாடச் சலவையைச் சாதாரண நீரிலோ 30, 40 டிகிரி வெப்பத்திலோ முடித்துக்கொள்வது நல்லது. மின்சாரமும் மிச்சமாகும். 15 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் செலவாகும்.

சலவைத்தூளோ திரவமோ, உறையில் ‘ஃப்ரன்ட் லோடு’ என்று குறிப்பிட்டதையே வாங்க வேண்டும். கையால் துவைப்பதற்கான தூள் மிகுதியாக நுரைக்கும். நுரை மிகுந்தால் சில இயந்திரங்கள் அதை உணர்ந்து அலசும் நேரத்தை நீட்டிக்கும். தண்ணீரும் நேரமும் வீணாகும். அலசிப் போகாத தூளின் எச்சம் டிரம்மின் பின்புறம் சேர்ந்து, அங்குள்ள அலுமினியத் தாங்கியை அரிக்கவும் செய்யும்.

தூள் அதிகமா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். கடைசி அலசலின்போது கதவுக் கண்ணாடியில் நுரை தெரிந்தால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். டிரம்மில் துணியும் தூளும் இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பதும் உண்டு. அப்போதும் நுரை வந்தால் அது பழைய எச்சம்.

துணி போடும் முறை

துணிகளைப் போட்ட பிறகு அவற்றின் மேல் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். சட்டைப் பைகளில் உள்ள நாணயம், சாவி, ஊக்கு, காகிதம் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். சேலை, வேட்டி போன்ற நீளமான துணிகள் மற்றவற்றைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும் என்பதால் வலைப்பையில் போடலாம். கனமான ஒரே போர்வையைத் தனியாகப் போட்டால் எடை ஒருபக்கம் சேர்ந்து, பிழியும்போது இயந்திரம் குலுங்கும். அதோடு இரண்டு துண்டுகளையும் சேர்க்கலாம். மழைக்கோட்டு, ரப்பர் விரிப்பு போன்ற நீர் ஊடுருவாத பொருள்களைப் பிழியவிடக் கூடாது. உள்ளே தேங்கும் நீர் திடீரென இடம் மாறி, இயந்திரத்தையே நகர்த்திவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் பட்ட துணிகளை ஒருபோதும் போடக் கூடாது.

பராமரிப்பு

ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் ரப்பர் வளையத்தின் கீழ்மடிப்பை விரித்து, தேங்கிய நீரையும் பஞ்சையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துவைத்த துணியை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. ஈரம் உலரும்வரை கதவையும் தூள் போடும் பெட்டியையும் சற்றே திறந்து வைக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து வரும் முடை நாற்றத்திற்கும், ரப்பரில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பூஞ்சையும் நுண்ணுயிர்ப் படலமுமே காரணம். ஈரமும் தூள் எச்சமும் சேர்ந்தால் அவை பெருகும். வாசனைத் திரவம் ஊற்றுவதால் நாற்றம் மறையலாம், பூஞ்சை போகாது.

மாதம் ஒருமுறை தூள் பெட்டியைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். துணி எதுவும் இல்லாமல் 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் ஒரு சுற்று ஓடவிட வேண்டும். பல இயந்திரங்களில் இதற்கெனத் தனித் திட்டம் உண்டு. அன்றாடம் குளிர்ந்த நீரில் துவைக்கும் வீடுகளுக்கு இது மிகவும் அவசியம். கடின நீரால் சேரும் உப்புப் படிவை நீக்க, இயந்திரத்திற்கென விற்கும் படிவுநீக்கித் தூளைக் கையேட்டில் சொன்ன இடைவெளியில் பயன்படுத்தலாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருசேரப் பயன்படுத்தவே கூடாது. அவை கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

பம்பின் வடிகட்டியை ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். முதலில் பிளக்கை எடுத்துவிட வேண்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் நீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முன்புறம் கீழ்மூலையில் உள்ள சிறு மூடியைத் திறந்து, ஒரு தட்டை வைத்து, அங்குள்ள சிறு குழாய் வழியாகத் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். குழாய் இல்லாத மாதிரிகளில் மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தலாம். பிறகு வடிகட்டியைத் திருகி வெளியே எடுத்துக் கழுவி, உள்ளே நாணயமோ ஊக்கோ சிக்கியுள்ளதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மீண்டும் இறுக மூட வேண்டும். சரியாக மூடாவிட்டால் அடுத்த சலவையில் தரை முழுதும் தண்ணீர்தான்.

ஆண்டுக்கு இருமுறை குழாயை மூடிவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றி, அதன் முனையில் உள்ள சல்லடையில் சேர்ந்த மணலையும் துருவையும் கழுவ வேண்டும். அடிப்பகுதி திறந்திருக்கும் இயந்திரங்களில் எலி புகுந்து ஒயரைக் கடிப்பதுண்டு. கீழே எலி வலை பொருத்தலாம்.

பொதுவான சிக்கல்கள்

தண்ணீர் வெளியேறவில்லை என்றால் முதலில் வடிகட்டியையும் கழிவுநீர்க் குழாயில் உள்ள மடிப்பையும் பார்க்க வேண்டும். நீர் வரத் தாமதமானால் சல்லடையையும் நீரழுத்தத்தையும் பார்க்க வேண்டும். சலவை முடிந்தும் கதவு திறக்காவிட்டால் ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். பூட்டு விடுபட அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால் உள்ளே நீர் நிற்கலாம். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் அது உடையும்.

பிழியும்போது ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். டிரம் காலியாக இருக்கும்போது அதன் மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கலாம். டிரம் மட்டும் தனியே ஆடினால் சந்தேகம் உறுதியாகும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பல மாதிரிகளில் தொட்டி பிரிக்க முடியாத ஒரே பாகமாக வருவதால் இது செலவு மிகுந்த பழுது.

பாதுகாப்பு

கதவைத் திறந்து வைப்பது இயந்திரத்திற்கு நல்லது. ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்து. விளையாட்டாக உள்ளே ஏறும் குழந்தையால், கதவு மூடிக்கொண்டால் அதை உள்ளிருந்து திறக்க முடியாமல் போகலாம். இயந்திரத்தில் உள்ள ‘சைல்டு லாக்’ பெரும்பாலும் பொத்தான்களை மட்டுமே முடக்கும். குழந்தை உள்ளே ஏறுவதைத் தடுக்காது. எனவே இயந்திரம் உள்ள அறையைத் தாழிட்டுவிட்டு உள்ளே கதவைத் திறந்து வைக்கலாம். அதற்கு வழியில்லை என்றால் டிரம்மையும் ரப்பரையும் நன்கு துடைத்துவிட்டுக் கதவை மூடிவிடலாம். குழந்தையின் உயிரைவிடச் சிறிது ஈர வாடை பெரிதன்று. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்க வேண்டும். துணி போடும்முன் டிரம்முக்குள் ஒருமுறை பார்ப்பதும் நல்ல பழக்கம். பூனைகளும் உள்ளே புகுவதுண்டு.

பல வீடுகளில் கையேடு பில்லோடு சேர்ந்து பீரோவில் கிடக்கும். இயந்திரத்தை நாள்தோறும் இயக்குபவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். வடிகட்டி எங்கே உள்ளது, எவ்வளவு தூள் போட வேண்டும், பவர் சுவிட்ச் எது என்ற மூன்றும் வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்பலகை, ஒயர், ஹீட்டர், பேரிங் ஆகியவற்றில் கோளாறு என்றால் மெக்கானிக்கை அழைப்பதே சரி. வடிகட்டி, சல்லடை, தூள் பெட்டி, ரப்பர் வளையம் ஆகிய நான்கையும் வீட்டாரே பார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு ஒரு தட்டும் பழைய துணியும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும்.