மலையேறிய மூன்று அண்ணன்மார்: கல்வராயன் மலையின் வாய்மொழியும் வரலாறும்

ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலைக் குறித்து அவ்வட்டார மக்களிடம் ஒரு செய்தி வழங்கி வருகிறது. தேனால் திருமுழுக்குச் செய்யும் பொழுது இலிங்கத்தில் அம்மையின் உருவம் தோன்றும் என்பர். அவ்வூருக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலோ தேனெடுத்தல் தொன்றுதொட்ட தொழில். கோமுகியும் மணிமுக்தாவும் அம்மலையிலேயே பிறந்து, கள்ளக்குறிச்சிச் சமவெளியை நனைத்து வெள்ளாற்றோடு கலக்கின்றன. தேனும் நீரும் கீழே இறங்கி வந்தன. மலையின் கதைகள் மட்டும் அவ்வளவு எளிதாக இறங்கி வரவில்லை.

இரண்டு நிலத்தின் கதைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தெய்வம் இவ்விடத்தில் ஏன் எழுந்தருளிற்று என்பதைச் சமவெளியின் தலபுராணம் சொல்கிறது. நாங்கள் இவ்விடத்துக்கு ஏன் வந்தோம் என்பதை மலையின் வழக்காறு சொல்கிறது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இரண்டாவதை.

கல்வராயன் மலைத்தொடர் ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாகச் சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அங்கு வாழ்வோர் மலையாளிகள். பெயரைக் கேட்டு மயங்க வேண்டுவதில்லை. கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை; அவர்களின் மொழி தமிழ்; மலையை ஆள்பவர் என்பதே சொல்லின் பொருள். பழங்குடியினர் அட்டவணையில் இடம்பெற்ற அவர்கள் தம்மைக் காராளர் என்றும் கூறிக்கொள்வதுண்டு.

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று உடன்பிறந்தார் காஞ்சிபுரத்திலிருந்து வேட்டைக்கு வந்தனர். அவர்கள் இறந்துபோயினர் என எண்ணி மனைவியர் உயிர்நீத்தனர். ஆகவே அவர்கள் வேறு குலப் பெண்களை மணந்து மலைகளில் தங்கினர். மூத்தவரின் வழியினர் சேர்வராயன் மலையிலும், மற்றையோர் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கங்களிலும் பெருகினர். இது ஒரு வடிவம். யார் எம்மலைக்குச் சென்றார் என்பதில் பதிவுகள் தம்முள் ஒத்துவரவில்லை. காஞ்சியை விட்டு நீங்கிய கரியராமன் என்னும் தெய்வத்தைப் பின்தொடர்ந்தே மூவரும் மலையேறினர் என்பது இன்னொரு வடிவம். கல்வராயன் மலையில் கரியராமன் வழிபாடு சிறந்திருப்பதால் இவ்வடிவத்துக்கு அங்கே செல்வாக்கு மிகுதி.

மூன்றாவது வடிவமே நம் கவனத்துக்குரியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், இம்மக்கள் ஏறக்குறையப் பத்துத் தலைமுறைகளுக்கு முன், தென்னிந்தியாவில் முகம்மதியர் ஆட்சி மேலோங்கியிருந்த காலத்தில், காஞ்சியை விட்டு வந்ததாக ஒரு மரபைக் குறித்துள்ளார். அங்கே அது காலக்குறிப்பு மட்டுமே. பின்னாளில் எழுதியோர் பலர் 'காலத்தில்' என்பதை 'காரணத்தால்' என்று மாற்றிக்கொண்டனர். முஸ்லிம் படையெடுப்புக்கு அஞ்சி மலையேறியவர்கள் என்ற செய்தி இப்போது ஐயத்துக்கு இடமற்ற வரலாறுபோல் எடுத்தாளப்படுகிறது.

செய்தி ஒன்றைக் கேட்டால், சொன்னவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், அது நிகழக்கூடியதா என்றும் எடைபோட வேண்டும் என்றார் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவின் தொடக்கத்திலேயே, மூஸா நபியின் காலத்துப் படையில் 600,000 பேர் இருந்ததாக முந்தைய வரலாற்றாசிரியர் எழுதியதைக் கணக்கிட்டு மறுக்கிறார். அதே அளவுகோலை இங்கும் வைத்துப் பார்க்கலாம்.

பதிவு செய்யப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் எனக் கொண்டால், பத்துத் தலைமுறை நம்மை 1600 முதல் 1650 வரையான காலத்துக்குக் கொண்டு செல்லும். கோல்கொண்டா, பிஜப்பூர் சுல்தான்களின் படைகள் இப்பகுதியில் நிலைகொண்டது 1640களில்தான். அதுவரை காஞ்சி விஜயநகர மரபினரிடமே இருந்தது. அதற்கு முன் 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பும், 1481இல் காஞ்சியின்மீது பாமினிப் படையின் தாக்குதலும் நிகழ்ந்தன. அவை வந்துபோன தாக்குதல்களேயன்றி மேலோங்கி நின்ற ஆட்சி அல்ல. ஆக, கணக்கு ஓரளவு பொருந்துவதுபோல் தோன்றுகிறது.

ஆனால் இதே மலையில் இன்னொரு மரபும் உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையை ஆண்ட சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்தார் குடும்பங்களும் தம் உரிமை கிருஷ்ணதேவராயர் வழங்கியது என்று கூறிவந்தன. அவர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அம்மரபு மெய்யாயின் கவுண்டர்கள் 1529க்கு முன்பே மலையில் இருந்திருக்க வேண்டும். அப்போது காஞ்சி விஜயநகரத்தின் கையில் இருந்தது. அஞ்சி ஓட அங்கே சுல்தானும் இல்லை. ஜாகிர்தார்கள் முதலிலும் மற்றவர் பின்னரும் வந்தனர் என்று கூறி இரண்டையும் இணைக்க முயலலாம். மூன்று உடன்பிறந்தார் கதை அதற்கு இடந்தரவில்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இம்மலைக்கும் ரிஷிவந்தியத்துக்கும் இடைப்பட்ட தியாகதுர்க்கம் கோட்டையை 1760இல் பிரெஞ்சுக்காரர் ஹைதர் அலியின் மைசூர்ப் படையிடம் ஒப்படைத்தனர். மலையடிவாரத்துக்கு மெய்யாகவே வந்த அப்படைக்கு, நாம் மேலே கண்ட மூன்று வடிவங்களில் எதிலும் இடமில்லை. இந்திய வரலாற்றை இந்துக் காலம், முகம்மதியர் காலம், ஆங்கிலேயர் காலம் எனப் பகுக்கும் வழக்கத்தை ஜேம்ஸ் மில் 1817இல் நிலைநாட்டிய பின், அதிகாரிகளுக்குக் 'கொஞ்சம் பழங்காலம்' என்பதற்கு வாய்ப்பாக அமைந்த சொல் 'முகம்மதியர் காலம்'. தர்ஸ்டனின் குறிப்பிலும் அச்சொல் மலைவாசியின் வாயிலிருந்து வந்ததைவிட எழுதியவரின் பேனாவிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது நம் கருத்து.

கொடியவனுக்கு அஞ்சி ஊர்விட்டு வந்தோம் என்னும் கதை மலைக்கு மட்டும் உரியதன்று. கம்பளத்தாரின் வழக்கில் பெண் கேட்டுத் துரத்தியவன் முஸ்லிம் மன்னன். ஆற்றைக் கடக்கப் புங்கமரங்கள் வளைந்து கொடுத்தன. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுவந்த நகரத்தாரின் கதையில் கொடுமை செய்தவன் சோழன். நம் சமுதாயமும் விலக்கல்ல. நவாயத்துகளும் லெப்பைகளும் ஹாஷிம் குடும்பத்தார் வழியினர் என்றும், இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுபின் கொடுமைக்குத் தப்பிக் கப்பலேறியவர்கள் என்றும் மார்க் வில்க்ஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்டெழுதினார். நம் கதையில் துரத்தியவரும் ஒரு முஸ்லிம் ஆளுநரே. எவரும் அதை வைத்து உமையாக்களின் ஆட்சியை எடைபோடுவதில்லை. புகழ்பெற்ற ஊரிலிருந்து வந்தோம், வறுமையால் அன்று மானத்தால் வந்தோம் என்று சொல்ல ஒரு கொடுங்கோலன் வேண்டும். அவ்விடத்தில் யாரை அமர்த்துவது என்பதைக் காலம் முடிவு செய்கிறது.

அதனால் இக்கதைகளில் செய்தியே இல்லை என்று தள்ளிவிடலாகாது. மூன்று மலையினரும் ஒரே உறவுமுறையினர் என்பதை அண்ணன்மார் கதை காத்து நிற்கிறது. வேறு குலப் பெண்களை மணந்தனர் என்ற பகுதியோ தூய குலப்பெருமை பேசவந்த கதை தன்னையறியாமல் விட்டுவைத்த உண்மையாகத் தோன்றுகிறது. வந்தவர்களும் முன்பே இருந்தவர்களும் கலந்து உருவான சமூகம் இது என்று அப்பகுதி சொல்கிறது.

மலைமக்களின் அண்மைக்கால நினைவில் உள்ள அதிகாரம் வேறு. நாட்டில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்தும், கல்வராயன் ஜாகிர்கள் 1976 வரை நீடித்தன. ஜாகிர்தாருக்கு வரியும், கூலியில்லா உழைப்பும் கொடுத்து வாழ்ந்த தலைமுறை அது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது கல்வராயன் என்றாலே சாராயம் என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. அதையொட்டிச் சென்னை உயர்நீதிமன்றம் அம்மக்களின் வாழ்நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்ட பின்னரே, ஜாகிர் காலத்தின் நீண்ட நிழல் நாளிதழ்களில் இடம்பெற்றது. 1976இல் இருபது வயதாயிருந்தோர் இன்று எழுபதை எட்டிவிட்டனர். மூன்று அண்ணன்மாரின் கதை பல நூல்களில் அச்சேறியிருக்கிறது. இவர்கள் சொல்லும் கதை இன்னும் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கிறது.