வெட்டிப் பேச்சா? வீட்டுத் தீர்ப்பா?

“நான்கு பெண்கள் ஓரிடத்தில் கூடினால் சீரியல் கதைதான்! வேறென்ன பேசத் தெரியும் அவர்களுக்கு?” என்று கேலி பேசுகிறார்கள். கேலி பேசுவோர் படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், நாளேட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டுபவர்கள். ‘வெட்டிப் பேச்சு’ என்பது அவர்களுடைய தீர்ப்பு. அதற்கு மேல் முறையீடே கிடையாதாம்!

நாம் மேல் முறையீடு செய்கிறோம்.

தேநீர்க் கடைப் பலகையிலே உட்கார்ந்துகொண்டு, எந்த ஆட்டக்காரர் எந்தப் பந்தை எப்படி அடித்திருக்க வேண்டும் என்று ஆடவர் மணிக்கணக்கில் வாதாடுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? ஆட்ட நுணுக்கமாம்! புதுப்படம் வெளிவந்த அன்றே, இடைவேளைக்கு முன் எப்படி, பின் எப்படி என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறார்களே, அதற்கு? விமர்சனமாம்! ஆனால் குழாயடியில் நிற்பவள், குடம் நிரம்புகிற நேரத்தில், முந்திய இரவு பார்த்த கதையைப் பற்றித் தோழியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் மட்டும் அது வெட்டிப் பேச்சு! நல்ல நியாயம்! நல்ல தராசு!

பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட பிறகல்லவா தீர்ப்பு வழங்க வேண்டும்? கேட்போம்.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ என்ற தொடர் தொடங்கிற்று. 2024 ஜூன் வரை ஓடிற்று. ‘கோலங்கள்’ தொடரை 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் நடத்திக் காட்டிய திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர். கதை என்ன? ஆதி குணசேகரன் என்றொரு பணக்காரர். அவருக்குத் தம்பிமார் மூவர். வீட்டுக்கு வாழ வரும் பெண்கள் படித்தவர்களாக இருக்க வேண்டும், ஊரார் மெச்ச! வந்த பிறகு அவர்கள் அடுப்படியைத் தாண்டக் கூடாது, அண்ணன் மெச்ச! படிப்பும் பட்டமும் சட்டம் போட்டுச் சுவரில். படித்தவள் சட்டியோடு அடுப்பில்! அந்த நான்கு பெண்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நிமிர்வதுதான் கதை. நடுவிலே சொத்துத் தகராறு. அப்பத்தாவின் பெயரில் இருக்கும் நாற்பது விழுக்காட்டுப் பங்கு யாருக்கு என்ற போராட்டம்.

அந்த நாட்களில், திருப்பூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், மதியச் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு தோழிகள் பேசிக்கொள்ளும் பேச்சு எப்படி இருந்திருக்கும்? இதோ, இப்படித்தான்:

“ஏனக்கா, நேத்துப் பாத்தீங்களா? அந்தாளு என்ன பேச்சுப் பேசறான்!”

“பாத்தேங் கண்ணு. எனக்கு அவ மேலதான் கோவம். அத்தனையும் கேட்டுட்டு, திரும்ப அவனுக்கே சோறு போடறாளே!”

“நானா இருந்தா அன்னிக்கே பொட்டியக் கட்டியிருப்பேன்.”

“கட்டீட்டு எங்க போவ? உங்கப்பன் ஊட்டுக்கா? அங்க உம்பேர்ல என்ன எழுதி வெச்சிருக்கு?”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒருத்தி, “அதான, சொத்தெல்லாம் பசங்களுக்குத்தான” என்கிறாள். இன்னொருத்தி, “யாரு சொன்னா? சட்டம் அப்படி இல்லையாமா” என்கிறாள். மணி அடிக்கிறது. பாத்திரங்களை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

இதுவா வெட்டிப் பேச்சு? நான்கே வாக்கியங்களில் அவர்கள் திரையிலிருந்து தங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்! கதையில் வருபவள் ஏன் சகித்தாள் என்று தொடங்கியவர்கள், ‘நாமும் ஏன் சகிக்கிறோம்? போக்கிடம் இல்லாததால் அல்லவா?’ என்ற இடத்தில் வந்து நிற்கிறார்கள். தன் மாமியாரைப் பற்றித் தெருவில் பேசினால் வம்பு. திரையில் வரும் மாமியாரைப் பற்றிப் பேசினால் பொழுதுபோக்கு. ஆகவே, பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, தங்கள் வழக்கையே அவர்கள் நடத்துகிறார்கள். வாதியும் அங்கே, சாட்சியும் அங்கே, தீர்ப்பும் அங்கே!

“கதை எது, நிசம் எது என்று தெரியாதவர்கள்” என்றும் ஒரு பழி உண்டு. குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்த வேளையில் உடல் நலம் குன்றி, மாரடைப்பால் மறைந்தார். திரையிலே அவரைத் திட்டித் தீர்த்த வீடுகள் அன்று அவருக்காக வருந்தின. பாத்திரத்தை வெறுக்கவும், நடிகரை மதிக்கவும் தெரிந்திருந்தது அவர்களுக்கு. வேறு என்ன பகுத்தறிவு வேண்டும்?

தொடர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு தாலியைச் சுற்றி ஒரு மாதம் இழுப்பார்கள். ஒரு கதவு திறப்பதற்குள் மூன்று விளம்பர இடைவேளை வரும். பெண்ணுக்குப் பெண்ணே பகை என்று காட்டி, பகையை மூட்டிய ஆடவரைத் திண்ணையில் நல்லவராக உட்கார்த்தி வைப்பார்கள். குறைகள் கொஞ்சமல்ல. ஆனால் பார்ப்பவர்கள் அவ்வளவையும் அப்படியே விழுங்கிவிடுகிறார்கள் என்று யார் சொன்னது? பாதியை மென்று, மீதியைத் துப்புகிறார்கள். துப்புகிற இடம்தான் அந்தக் குழாயடியும், கம்பெனி வாசலும்!

நாடகம் பாதி, அதைப் பற்றிய பேச்சு மறு பாதி. இது தொடர் எடுப்போருக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசம்பரில் முடிந்த ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடரை மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, “இன்று பார்த்தீர்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்ற பாங்கில் மக்களோடு பேசுவார். மக்கள் என்ன செய்தார்கள்? இலட்சக்கணக்கில் கடிதம் எழுதினார்கள்! கதையோடு நில்லாமல் கலந்துரையாடவும் வேண்டும் என்ற அந்த எண்ணத்துக்கு வித்து மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே மிகுவேல் சபீதோ என்பவர், 1975இல் எழுத்தறிவையும் 1977இல் குடும்பக் கட்டுப்பாட்டையும் பொருளாக வைத்துத் தொடர்கள் தயாரித்து வழி காட்டியிருந்தார்.

பேச்சினால் மாறுவது உண்டா என்று கேட்பார்கள். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2001 முதல் 2003 வரை பீகார், கோவா, அரியானா, தில்லி, தமிழ்நாடு ஆகிய ஐந்து இடங்களில் திரட்டப்பட்ட விவரங்களை ஆராய்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கேபிள் தொலைக்காட்சி புதிதாக நுழைந்த கிராமங்களில், ‘கணவன் அடிப்பது சரிதான்’ என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் தளர்ந்திருந்தது. ஒரு கம்பி வழியே வந்த கதை, ஒரு பெண்ணின் வாயிலிருந்து ‘அடித்தால் என்ன’ என்ற சொல்லை அகற்றிற்று! கதை வந்து விழுந்ததால் மட்டுமா அகன்றது? அதைப் பற்றி அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிப் பேசி அகன்றது என்றே நாம் கருதுகிறோம்.

இத்தனை வலிமை வாய்ந்த பேச்சை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? ஒருவரும் இல்லை! எது கணக்கில் ஏறுகிறது தெரியுமா? ‘பார்க்’ என்ற அமைப்பு, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த 50,000க்கு மேற்பட்ட வீடுகளில் ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருக்கிறது. தொலைக்காட்சியின் ஒலிக்குள், நம் காதுக்குக் கேளாத ஓர் அடையாளம் பதிந்திருக்கும். அதைக் கருவி பிடித்துக்கொள்ளும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். பார்க்க உட்கார்ந்தவர் தம் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்தே விளம்பரக் காசு வருகிறது. விளம்பரக் காசைப் பார்த்தே கதை வளைகிறது.

அந்தக் கருவிக்குக் கண் உண்டா? மனம் உண்டா? நெஞ்சு நெகிழ்ந்து பார்த்தவளும் ஒன்றுதான் அதற்கு. “நாசமாய்ப் போக” என்று திட்டிக்கொண்டே பார்த்தவளும் ஒன்றுதான்! மருமகள் அறை வாங்குகிற காட்சியில் கூட்டம் நகரவில்லை என்று கண்டதும், ‘அறைதான் பிடித்திருக்கிறது’ என்று எண்ணி, அடுத்த வாரம் இரண்டு அறை வைக்கிறார்கள். பிடித்ததால் பார்க்கவில்லை ஐயா, இவள் எப்போது திருப்பிக் கேட்பாள் என்று காத்திருந்து பார்த்தார்கள்! அந்த வேறுபாடு கருவியில் விழாது. தோழியர் பேச்சில் மட்டுமே விழும். ஆகவேதான் சொல்கிறோம், கதை எழுதுவோர் வியாழக்கிழமைப் புள்ளிக் கணக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டால், மறு காதைக் குழாயடிப் பக்கம் திருப்பட்டும்.

கதை எழுதுவோருக்குச் சொன்னோம். கதை பார்ப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உரிமையோடு சொல்கிறோம்.

அப்பத்தாவின் நாற்பது விழுக்காட்டுக்காக எத்தனை மாதம் வாதாடினீர்கள், தாய்மார்களே! “விடக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது” என்று தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கூவினீர்களே! உங்கள் தந்தையார் மறைந்த பிறகு, உடன்பிறந்தவர் வண்டியில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றாரே, அங்கே என்ன செய்தீர்கள்? “தங்கச்சி, இதிலே ஒரு கையெழுத்து” என்றார், போட்டீர்கள். படித்துப் பார்த்தீர்களா? அந்தத் தாளுக்குப் பெயர் தெரியுமா? ‘விடுதலைப் பத்திரம்’! உங்கள் பங்கை நீங்களே விட்டுக் கொடுக்கும் தாளுக்கு, விடுதலை என்று பெயர்! யாருக்கு விடுதலை? உங்களிடமிருந்து சொத்துக்கு விடுதலை!

ஏன் போட்டீர்கள் என்பதும் நமக்குத் தெரியும். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைக்குக் காது குத்தும் நாளில் தாய்மாமன் மடி கிடைக்காது, சீர் வராது, பொங்கலுக்கு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அச்சம் பொய்யல்ல. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு அஞ்சலாமே! தந்தை தாமே ஈட்டிய சொத்து, உயில் எழுதாமல் அவர் மறைந்தால், மகனுக்கும் மகளுக்கும் சமம் என்பது 1956 முதலே இந்து வாரிசுச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போன்ற உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. அதற்கு முன்பே மணமானவர்கள் மட்டும் அதில் விடுபட்டார்கள். 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம், மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேறுபாட்டை அகற்றிற்று. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று.

திரையிலே நடக்கும் வழக்கில் நீங்கள் வழங்குகிற தீர்ப்பும் இதுதானே? பனியன் கம்பெனித் தோழி, “சட்டம் அப்படி இல்லையாமா” என்று சொல்லி நிறுத்தினாளே, மணி அடித்துவிட்டதே, அந்த இடத்திலிருந்து மறு நாள் பேச்சைத் தொடங்குங்கள். அவள் அறைகுறையாகக் கேட்டதை முழுதாகத் தெரிந்தவர் ஒருவர் அந்தக் கூட்டத்திலே இருக்கக்கூடும். இல்லையேல் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்கக்கூடும். கையெழுத்துப் போடும் முன் தாளை வாசிக்கச் சொல்ல, “யோசித்துச் சொல்கிறேன் அண்ணா” என்று ஒரு வாரத் தவணை கேட்க, தோழியர் தரும் துணிவு போதும்.

ஆகவே, பேசுங்கள்! குழாயடியில் பேசுங்கள், பேருந்தில் பேசுங்கள், ரேஷன் கடை வரிசையில் பேசுங்கள். அவள் அப்படிச் செய்திருக்கலாமா, இவன் இப்படிப் பேசலாமா என்று வாதாடுங்கள். ஆடவரே, நீங்களும் கேலியை நிறுத்திவிட்டுச் சற்றுக் காது கொடுங்கள். திரையில் வருகிற குணசேகரனைத் திட்டுகிறார்கள் என்று சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டில் அந்தப் பெயர் இல்லாமல் அந்தக் குணம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘தொடரும்’ என்று போட்டு நாடகத்தை நிறுத்துகிறார்கள் அவர்கள். பேச்சைத் தொடர வேண்டியவர்கள் நாம்.