பக்கத்துல இருக்குற ஆம்புலன்ஸ் எது? தூரத்தை கம்ப்யூட்டர் கணக்கு போடுவது எப்படி?

கொடைக்கானலில் இருந்து ஒரு அவசர அழைப்பு. காலியாக இருப்பது இரண்டே ஆம்புலன்ஸ்: ஒன்று பழனியில், இன்னொன்று வத்தலக்குண்டில் என்று வைத்துக்கொள்வோம். எதை அனுப்பணும்?

மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் பழனிதான் பக்கம், சுமார் 24 கி.மீ. வத்தலக்குண்டு சுமார் 31 கி.மீ. ஆனா ரோட்டில் போனால் கதையே மாறிடும். மலைப்பாதையில் பழனி சுமார் 65 கி.மீ., வத்தலக்குண்டு சுமார் 55 கி.மீ.தான்.

அப்போ நேர்கோட்டு தூரத்தை எதற்கு கணக்கு போடணும்? வேகத்துக்காகத்தான். 500 வண்டிகள், 200 அழைப்புகள் என்றால் 1 லட்சம் ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் ரோடு ரோடாகத் தேடினால் நேரம் இழுக்கும். நேர்கோட்டு கணக்கு கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

எங்கே தப்பு நடக்குது?

பள்ளியில் படித்த பிதாகரஸ் சூத்திரத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் அப்படியே போடுவதுதான் முதல் தப்பு. 1 டிகிரி அட்சரேகை எங்கேயும் ஏறத்தாழ 111 கி.மீ. தீர்க்கரேகை அப்படி இல்லை. 1 டிகிரி என்பது சென்னையில் சுமார் 108 கி.மீ., டெல்லியில் 98, லண்டனில் 69. துருவத்தை நெருங்க நெருங்க கோடுகள் ஒன்றுசேரும்.

இதற்குத்தான் 'ஹேவர்சைன்' சூத்திரம். கப்பல் மாலுமிகள் காலத்து கணக்கு இது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள பந்தாக எடுத்துக்கொள்ளும். பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் அரை சதவீதம் வரை பிசகலாம். இந்த வேலைக்கு அது போதும்.

பைத்தானில் எழுதுபவர்கள் டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்தால் விடை கந்தல். சைன் 90-க்கு 1 வரவேண்டிய இடத்தில் 0.89 வரும், எரர் எதுவும் காட்டாது.

வரிசையும் முக்கியம். கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் கேட்கும். ஜியோஜேசன் ஃபைல்களில் தீர்க்கரேகைதான் முதலில். சென்னையின் 13.08, 80.27 என்பதை மாற்றிப் போட்டால், ஆம்புலன்ஸ் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் நிற்கும்!

சரி, எந்த ஆம்புலன்ஸ்?

நேர்கோட்டில் முதலில் வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் வத்தலக்குண்டு வண்டி பட்டியலிலேயே இருக்காது. நோயாளி 10 கி.மீ. கூடுதலாகக் காத்திருக்கணும். அதனால் சில வண்டிகளை எடுத்து, அவற்றுக்கு மட்டும் ரோடு தூரம் பார்ப்பார்கள். எத்தனை வண்டி என்பதற்கும் கணக்கு இருக்கு. ரோடு தூரம் ஒருபோதும் நேர்கோட்டைவிடக் குறையாது. ஆகவே 55 கி.மீ.யில் ஒரு வண்டி கிடைத்துவிட்டால், நேர்கோட்டிலேயே 55-ஐத் தாண்டும் வண்டிகளை யோசிக்காமல் விட்டுவிடலாம். அதற்குள் இருப்பவற்றை ஒன்று விடாமல் பார்த்தே ஆகணும்.