தங்கவயல் கண்டேன்

‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் பெற்ற ஊர் ஒன்று உண்டு. அதைக் காணக் கப்பல் ஏற வேண்டுவதில்லை; பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயிலில் ஏறினால் போதும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கோலார் தங்கவயலே அது. இயற்பியல் மாணவனாகிய நான் நியூட்ரினோவைப் பற்றிப் படித்ததால் அங்குச் சென்றேன். வேறொரு பாடமும் கற்றுத் திரும்பினேன்.

1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இங்கிலாந்து நிறுவனம் அங்குக் கால் வைத்தது. கார்ன்வாலின் சுரங்கங்கள் நலிந்தபோது வேலை தேடிப் புறப்பட்ட வல்லுநர் பலர் இங்கு வந்தனர். பங்களாக்களும் கிளப்பும் தேவாலயமும் எழுந்தன. 1902-இல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சுரங்கத்தை இயக்கிற்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான்! தங்கத்தின் செல்வாக்கை எண்ணிப் பாருங்கள்.

பாறையை உடைத்த கைகள் யாருடையவை? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த எளியோருடையவை. அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட தமிழர். குடியிருந்தவை மூங்கில் தட்டிக் குடிசைகள். இறங்கிய ஆழமோ மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அங்குப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலுள்ள பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. இத்தனைக்கும் இடையே, அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இயங்கியது இவ்வூரின் சாம்பியன் ரீப்ஸில்தான்.

அந்த ஆழமே அறிவியலுக்கும் உதவிற்று. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி மியூவான் என்னும் துகள்களை உண்டாக்குகின்றன. அவற்றின் மழையில் நியூட்ரினோவைப் பிரித்தறிதல் அரிது. கீழே செல்லச் செல்லப் பாறை மியூவான்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் பூமியையே ஊடுருவி வரும். ஆகவே பக்கவாட்டிலிருந்து ஒரு மியூவான் வந்தால், அது அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இதைக் கண்டனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் கண்டனர்.

சயனைடு மேட்டின் அருகே, ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். 1980-களில், புரோட்டான் சிதைகிறதா என்று அறியும் சோதனை அங்கு நடந்தபோது உடன் உழைத்தவர். “இரும்பு இரும்பா கீழே இறக்கினோம் தம்பி. எதுக்குன்னு யாரும் சொல்லலை” என்றார். திண்ணையில் அமர்ந்து, எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கிடைச்சுதா?” என்றார். உலகில் எங்குமே இன்னும் உறுதியாகக் கிடைக்கவில்லை என்றேன். அவர் சிரித்தார். “ஒரு டன் கல்லை உடைச்சா நாலு கிராம் தங்கம் வராது. தேடுறது எங்களுக்குப் புதுசா?”

எனக்கு நாணமாக இருந்தது. நான் படித்த நூலில் கருவியின் எடை உண்டு. அதைச் சுமந்தவர் இல்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. கீழே இறங்கியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். டெய்லர் பெயரை ஏடுகள் காக்கும். இவர்களை யார் காப்பார்? தோழர்களே, நாமும் ஊர்விட்டு வந்தவர்கள்தாமே! அடுத்த விடுமுறையில் ஒரு நாள், ஒரு குறிப்பேட்டோடு மாரிக்குப்பம் ரயில் ஏறுவோம். அவர்கள் சொல்லச் சொல்ல, பெயர் விடாமல் எழுதுவோம்.