சன்னல் ஏன் கழன்று விழுகிறது?

அடுக்குமாடி வீட்டில் வெளிப்பக்கமாகத் திறக்கும் சன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 120 சென்டிமீட்டர், கண்ணாடியின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால், கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 11 கிலோ எடையிருக்கும். அது பத்தாவது மாடியிலிருந்து, அதாவது சுமார் 28 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இரண்டரை வினாடிக்குள் தரைக்கு வந்துவிடும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அப்போது அதன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் அதிகம். கீழே நடப்பவர் நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமிருக்காது.

சன்னல் சட்டம் எதனால் ஆனது என்ற கேள்வி இங்கு அழகைப் பற்றியது மட்டுமல்ல.

சிங்கப்பூரின் காற்றில் ஈரம் அதிகம். கடலும் அருகில் இருப்பதால் உப்பும் கலந்திருக்கும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும். மரச்சட்டம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், கரையானும் வரும். மலேசியக் காடுகளில் வளரும் செங்கால் போன்ற கனமான மரம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் விலை அதிகம். பழைய கட்டடங்களில் காணப்படும் இரும்புச் சட்டத்தின் எதிரி துரு. துரு நுண்துளைகள் நிறைந்தது. ஈரம் அதைக் கடந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அலுமினியம் வேறு விதம். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் உருவாகிறது. இப்படலம் துருவைப் போல உதிராமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. எடையும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். இங்கு அலுமினியச் சட்டங்கள் பரவலாக இருப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் அலுமினியச் சன்னல் ஏன் விழுந்தது?

குற்றவாளி சட்டமல்ல, அதைக் கீலோடு இணைக்கும் ரிவெட் என்ற சிறு ஆணி. பழைய சன்னல்கள் பலவற்றில் கீல் துருப்பிடிக்காத எஃகினாலும் ரிவெட் அலுமினியத்தாலும் செய்யப்பட்டிருந்தன. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையில் உப்பு கலந்த ஈரம் சேர்ந்தால் என்ன ஆகும்? பள்ளி ஆய்வுக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் துத்தநாகத்தையும் செம்பையும் செருகி மின்சாரம் உண்டாக்கியிருப்பீர்கள். அதே கதைதான். உப்பிலுள்ள குளோரைடு ஆக்சைடு படலத்தைத் துளைக்கிறது. எலக்ட்ரான்கள் அலுமினியத்திலிருந்து எஃகுக்குப் போக, அலுமினியம் அயனிகளாகக் கரைகிறது. இதற்கு மின்வேதி அரிப்பு என்று பெயர்.

இதில் பரப்பளவுதான் முக்கியம். எஃகுக் கீல் பெரியது; அதன் பரப்பு முழுவதும் எலக்ட்ரான்களை இழுக்கிறது. கொடுக்க வேண்டியதோ மிகச் சிறிய ரிவெட். பெரிய குடும்பத்தின் செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழுவதைப் போல, அரிப்பு முழுவதும் அந்த ஆணியில் குவிகிறது. ரிவெட்டையும் துருப்பிடிக்காத எஃகில் செய்துவிட்டால் சன்னலைத் தாங்கும் ஆணி கரையாது. கரைய வேண்டிய அலுமினியம் இப்போது அகலமான சட்டத்தில்தான் இருக்கிறது. அங்கு அரிப்பு பரவிப்போவதால் சேதம் மெதுவாகவே ஏற்படும்.

இதனால்தான் 2004ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து சிங்கப்பூரில் இவ்வகைச் சன்னல்களின் அலுமினிய ரிவெட்டுகளை மாற்றுவது சட்டப்படி கட்டாயம். மாற்றாத வீட்டு உரிமையாளருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பிவிசி சட்டங்களும் இப்போது கிடைக்கின்றன. அவை அரிக்காது, வெப்பத்தையும் அலுமினியத்தைப் போலக் கடத்தாது. ஆனால் வெயிலில் அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரிவடையும். வளைந்துவிடாமலிருக்கப் பலவற்றின் உள்ளே எஃகுக் கம்பி வைக்கிறார்கள். எந்தச் சட்டமானாலும் திருகும் கீலும் உலோகம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வீட்டுச் சன்னலைத் திறந்து கீலைப் பாருங்கள், எட்டிப் பார்க்காமல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது. ரிவெட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருந்தாலோ, கதவு தொங்கினாலோ, மூடும்போது இழுபட்டாலோ அங்கீகாரம் பெற்ற சன்னல் ஒப்பந்தக்காரரை அழைக்கச் சொல்லுங்கள். காந்தத்தை வைத்துச் சோதிக்க நினைக்காதீர்கள். அலுமினியத்தைப் போலவே, துருப்பிடிக்காத எஃகின் பல வகைகளிலும் காந்தம் ஒட்டாது.